ஐந்து சதம் மிச்சம்

போன சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் ஒரு கராஜ் சேல். தோசைக்குத் தோதாக இருக்குமென்று ஒரு வார்ப்பிரும்புச் சட்டியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலடியில் ஒரு பெட்டி நிறையப் பழைய சி.டி.கள். மேலேயே கிடந்தது 'தி பெஸ்ட் ஒஃப் நிக்கல்பேக், வொலியூம் 1'. பெட்டியில் 'ஒன்று 2 டொலர்' என்று மார்க்கரால் எழுதியிருந்தது. சட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு சி.டி.யையும் நீட்டினேன். விற்றுக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "அதுக்குக் காசு வேண்டாம், கொண்டுபோ" என்றார்.

அந்தச் சிரிப்பு கனடாவில் கொஞ்சக் காலம் இருந்தவர்களுக்குத்தான் விளங்கும். நிக்கல்பேக் என்ற ரொக் இசைக்குழுவின் பெயரைச் சொன்னாலே போதும், பகிடி தானாக வந்துவிடும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அல்பேட்டா மாகாணத்தில் ஹனா என்று ஒரு சின்ன ஊர், கல்கரியிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 200 கிலோமீற்றர். அந்த ஊர்ப் பொடியன்கள்தான் இவர்கள். சாட் குரோகர் பாடுவார், அண்ணன் மைக் பேஸ் வாசிப்பார், ரயன் பீக் கிற்றார். மைக் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்த காலத்தில் கோப்பி 1 டொலர் 95 சதம். 2 டொலர் கொடுக்கிறவர்களிடம் "இந்தாங்கோ, உங்கட நிக்கல் பேக்" என்று, நிக்கல் எனப்படும் ஐந்து சத நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துக் கொடுத்து வாய்க்குப் பழகிய சொல்லையே குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒன்றுக்கும் உதவாதவனை ஐஞ்சு சதத்துக்குப் பிரயோசனமில்லாதவன் என்பார்கள். பெயரிலேயே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் என்று நான் நினைப்பதுண்டு. இந்தத் தொகுப்பு வந்த 2013ஆம் ஆண்டில்தான் கனடா ஒரு சத நாணயத்தை விநியோகிப்பதை நிறுத்தியது. அதனால் இன்றைக்கு இந்த நாட்டு அரசு வெளியிடும் ஆகக் குறைந்த நாணயம் நிக்கல்தான். அதையும் பொருத்தம் என்றுதான் சொல்லவேண்டும்.

நான் ரொறன்ரோவில் வந்திறங்கியது 2002 ஜனவரியில். மூன்றாம் கிழமையே ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் மூடி செய்கிற ஒரு பக்டரியில் வேலை. இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு மணிவரை. என் மனைவியும் பிறகு அதே பக்டரிக்கு வந்தாள், பொதி கட்டுகிற பக்கம். நடுத்தூணில் கம்பியால் கட்டிய ஒரு ரேடியோ இரவிரவாகப் பாடும். இவர்களுடைய 'ஹவ் யூ ரிமைண்ட் மீ' ஒரு இரவில் மூன்று தரமாவது வரும்.

அதற்கு ஒரு காரணம் சட்டம். இந்த நாட்டு வானொலிகள் போடும் ஜனரஞ்சகப் பாட்டுகளில் 35 வீதம் கனடியப் பாட்டாக இருக்கவேண்டும். 1971இல் 30 வீதத்தில் தொடங்கி 1999இல் 35 ஆக்கினார்கள். அமெரிக்கப் பாட்டு வெள்ளத்தில் உள்ளூர்க்காரர் அடிபட்டுப் போகாமல் காப்பாற்றுவதுதான் நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் அமெரிக்காவிலேயே முதலிடம் பிடித்த ஒரு கனடியப் பாட்டு கையில் இருந்தால் நிலையக்காரர் என்ன செய்வார்? கணக்கும் சரி, சனமும் கேட்கும். அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

அமெரிக்காவில் சட்டம் இல்லாமலே இது நடந்தது. 1996இல் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தி, ஒரு நிறுவனம் நாடு முழுக்க இத்தனை வானொலிதான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டார்கள். சில வருடங்களில் கிளியர் சனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் 1,200க்கு மேற்பட்ட நிலையங்கள். எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல். 2000களில் அமெரிக்க வானொலிகள் ஆக அதிகமாக ஒலிபரப்பிய பாட்டு 'ஹவ் யூ ரிமைண்ட் மீ'தான் என்று நீல்சன் என்ற நிறுவனம் கணக்கெடுத்துச் சொன்னது. 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவைகள். நல்ல பாட்டையும் 12 இலட்சம் தரம் போட்டால் சனத்துக்கு ஓங்காளம்தான் வரும்.

எனக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது. பக்டரியில் அது எப்படிக் கேட்கும் என்றால், சரணம் கேட்கவே கேட்காது. அங்கே கிற்றாரும் குரலும் மட்டும்தான், மூடி வெட்டுகிற மெசினின் 'சடக், சடக்' அதை விழுங்கிவிடும். பிறகு மற்ற வாத்தியங்களும் சேர்ந்து பல்லவி எழும்பும்போது மெசின் சத்தத்துக்கு மேலால் வந்து நிற்கும். இருபது பேர் ஒரே நேரத்தில் தலையை ஆட்டுவோம். மறுபடி சரணம், மறுபடி மெசின். இரண்டு நிமிடம் வேலை, அரை நிமிடம் பாட்டு என்று மாறி மாறி இரவு கழியும்.

2004 வாக்கில் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் எனக்கு அந்தக் குழுவின் பாட்டுப் பிடிக்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்த ஒரு மனிதர் பாணைக் கையில் வைத்தபடி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிடித்திருந்தாலும் பிடித்ததென்று சொல்லக்கூடாத பாட்டுகள் உண்டு என்று அன்றைக்குத்தான் படித்தேன். அடுத்த கிழமை அந்தப் பாட்டு வந்தபோது இரண்டு காதிலும் விரலை வைத்து முகத்தைச் சுளித்துக் காட்டினேன். மேசை முழுக்கச் சிரித்தது. கனடாவில் நான் செய்த முதல் பகிடி அதுதான். குடியுரிமைச் சோதனையில் இந்தக் கேள்வி இல்லை, ஆனால் இருந்திருக்கலாம்.

அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் நானும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கல்லெறிந்தேன். சும்மா சொல்லவில்லை, 2002இல் போர்த்துக்கல் விழா ஒன்றில் இவர்கள் மேல் உண்மையாகவே கல்லெறிந்தார்கள். இரண்டு பாட்டோடு மேடையை விட்டுப் போய்விட்டார்கள். பிறகு அமெரிக்காவின் கொமெடி சென்ட்ரல் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவையாளர் இவர்களைப் பற்றி ஒரு வரி சொன்னார். கெட்ட பாட்டு மனிதனை வன்முறையாளன் ஆக்கும் என்பது போல. அந்த வரியை வெட்டியெடுத்துத் தங்கள் நிகழ்ச்சிக்கு விளம்பரமாக மாதக்கணக்கில் ஓட்டினார்கள். பாட்டே கேட்காதவர்களும் பகிடியைக் கேட்டார்கள். 2010இல் இதே முகநூலில் ஒரு ஊறுகாய் வெள்ளரிக்காய்க்குப் பக்கம் திறந்து, நிக்கல்பேக்கை விட இந்தக் காய்க்கு அதிக ரசிகர் சேருமா என்று கேட்டார்கள். சேர்ந்தது. 2011இல் டெட்ரோயிட்டில் நன்றியறிதல் நாள் அமெரிக்க உதைபந்தாட்ட இடைவேளையில் இவர்கள் பாடப்போகிறார்கள் என்றதும் 50,000க்கு மேற்பட்டவர்கள் வேண்டாம் என்று மனுவில் கையெழுத்திட்டார்கள். பாடத்தான் செய்தார்கள். அன்றைக்கு டெட்ரோயிட் லயன்ஸ் 27-15 என்று தோற்றது. அதையும் இவர்கள் தலையில் கட்டியிருப்பார்கள்.

2016இல் பிரின்ஸ் எட்வேர்ட் தீவில் கென்சிங்டன் என்ற சிற்றூரின் பொலிஸ், குடித்துவிட்டு வண்டி ஓட்டி அகப்படுகிறவர்களுக்குச் சிறைக்குப் போகும் வழியெல்லாம் நிக்கல்பேக் போடுவோம் என்று முகநூலில் எழுதியது. உலகம் முழுக்கச் சிரித்துப் பகிர்ந்தது. கொஞ்ச நாளில் பொலிசே அதை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டது. நானும் அதைப் பகிர்ந்தவன். பழைய பதிவுகளில் தேடினால் கிடைக்கும், தேடவேண்டாம்.

சரி, சி.டி.க்கு வருகிறேன். 19 பாட்டு. புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. இரண்டு நாள் காரில் போட்டுக் கேட்டேன். முதலில் சொல்லவேண்டியது, இந்தக் குழுவைக் கேட்பதற்கு ஆக மோசமான வழி இந்தத் தொகுப்புதான். ஒவ்வொரு பாட்டும் வானொலியில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வந்து, மற்ற எல்லாவற்றையும் விட உரத்து நின்றுவிட்டுப் போவதற்காகச் செய்தது. அந்த உரப்பை 19 தரம் இடைவெளியில்லாமல் கேட்டால் ஆறாவது பாட்டில் காது களைத்துவிடுகிறது. மூன்று வேளையும் பிரியாணி சாப்பிட்ட மாதிரி.

எல்லாப் பாட்டும் ஒன்றுதான் என்ற குற்றச்சாட்டை வீட்டில் சோதித்தேன். இது நான் கண்டுபிடித்த சோதனை இல்லை. 2000களில் கனடிய மாணவர் ஒருவர் 'ஹவ் யூ ரிமைண்ட் மீ'யை இடது காதுக்கும், இரண்டு வருடம் கழித்து வந்த 'சம்டே'யை வலது காதுக்கும் போட்டு ஒரே நேரத்தில் ஓடவிட்டார். இணையத்தில் இன்னும் கிடக்கிறது. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். பல்லவி வருகிற இடம், அடங்குகிற இடம் எல்லாம் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் போல ஒன்றாகவே நடக்கின்றன. சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த இடத்தில் பகிடிக்காரர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் எங்கள் பைலாப் பாட்டுகளில் இரண்டை எடுத்து இதே மாதிரிக் காதுக்கொன்றாகப் போட்டுப் பாருங்கள். கலியாண வீட்டில் யாரும் அதற்காக எழும்பிப் போவதில்லை.

இன்னொன்றும் உறைத்தது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்றுதானே சொன்னோம்? நாங்கள் என்ன செய்தோம்? ஒரே பகிடியை ஆளாளுக்குக் கடன் வாங்கி இருபது வருடம் சொன்னோம். ஊறுகாயையும் மனுவையும் பொலிஸ் பதிவையும் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே வரிதான். அவர்களாவது அல்பத்துக்கு அல்பம் தாளத்தைக் கொஞ்சம் மாற்றினார்கள்.

பகிடிக்காரர் யாரும் வாயே திறக்காத இரண்டு பாட்டு இதற்குள் இருக்கிறது. இரண்டும் 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி, ஆம், அதே நாளில், வெளிவந்த 'சில்வர் சைட் அப்' அல்பத்தில் உள்ளவை. 'டூ பாட்' வீட்டில் இல்லாத தகப்பனைப் பற்றியது, குரோகர் சகோதரரின் சொந்தக் கதை. 'நெவர் அகெய்ன்' குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கிற மனிதனைப் பற்றி ஒரு பிள்ளையின் வாயால் சொல்வது. ஆஸ்பத்திரியில் தாதி கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லு என்கிற ஒரு கட்டம் அதில் வருகிறது. பக்டரியில் இதையும் நூறு தரம் கேட்டிருப்பேன், சொல் ஒன்றும் விளங்கியதில்லை. இந்தமுறை சிவப்பு விளக்கில் நின்றபோது விளங்கியது. பின்னால் வந்தவர் ஹோர்ன் அடிக்கும்வரை பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை. கொஞ்சம் மொத்தமான எழுத்துத்தான், நுட்பம் கிடையாது. ஆனால் அந்த வீட்டைத் தெரியாதவரால் அப்படி எழுத முடியாது என்று எனக்குப் படுகிறது.

அதே ஆட்கள்தான் 'ஃபிகர்ட் யூ அவுட்' என்ற பாட்டையும் எழுதினார்கள். ஒரு பெண்ணைக் கீழ்த்தரமாகப் பேசுவதையே பல்லவியாக்கிய பாட்டு. அதுவும் இந்தத் தொகுப்பில் இருக்கிறது. இவர்களைத் திட்ட ஒரு நியாயமான காரணம் இருந்ததென்றால் அது இதுதான். வேடிக்கை என்னவென்றால் பகிடிக்காரர்களில் அநேகருக்கு இது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. தலைமயிரையும் குரலையும்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மகள் இருக்கிறாள், அந்தப் பாட்டு தொடங்கினால் தாண்டிவிடுகிறேன்.

'ரொக்ஸ்டார்' மட்டும் இப்போது கூடப் பிடித்திருக்கிறது. பெரிய வீடு, விலையுயர்ந்த கார் என்று நீளும் அந்தப் பட்டியலை அவர்களுடைய பேராசை என்று அந்தக் காலத்தில் எடுத்துக்கொண்டேன். இப்போது கேட்டால் முழுப் பாட்டும் கிண்டல். நடுவில் ஸீ ஸீ டொப் குழுவின் பில்லி கிபன்ஸ் கரகரத்த குரலில் வந்து இரண்டு சொல் சொல்லிவிட்டுப் போகிறார். கிண்டலைக் கிண்டல் என்று தெரியாமல் கிண்டல் செய்திருக்கிறோம். மற்றப்படி நடுவில் ஏழெட்டுப் பாட்டு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

இப்போது காற்று மாறிவிட்டது. 2023 மார்ச்சில் எட்மன்டனில் நடந்த ஜூனோ விருது விழாவில் இவர்களைக் கனடிய இசைப் பெருமக்கள் வரிசையில் சேர்த்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில் ரொறன்ரோ திரைப்பட விழாவில் இவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றும் வந்தது. என் நட்பு வட்டத்தில் முன்பு ஊறுகாய்ப் பக்கத்துக்கு லைக் போட்ட ஒருவர், தனக்கு எப்போதுமே இவர்களைப் பிடிக்கும் என்று இப்போது எழுதுகிறார். போகட்டும்.

நேற்று மனைவியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சி.டி. காரிலேயே கிடந்தது. அவளுக்கு இந்தப் பகிடி வரலாறு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள அக்கறைப்பட்டதும் இல்லை. 'ஹவ் யூ ரிமைண்ட் மீ' தொடங்கியது, குரலும் கிற்றாரும் மட்டுமாக. அவள் பையில் கடைப் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தாள். பல்லவி எழும்பியதும் நிமிர்ந்தாள். "இது எங்கட பக்டரிப் பாட்டல்லோ" என்றாள், கூடவே இரண்டு வரி முணுமுணுத்தாள். பல்லவி அடங்கி இரண்டாவது சரணம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதென்ன, வேறை பாட்டோ?"