அந்தப் பதினாலு பேர்

ஞாயிற்றுக்கிழமை நம் ரங்கூன் கோயில் மண்டபத்துப் பாரதி விழாவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நாலு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சால்வை போட்டோக்களோடு 'விழா இனிதே நிறைவுற்றது' என்ற விழாக் குழுவின் பதிவைப் பார்த்ததும் முடியவில்லை.

ஞான ராஜசேகரன் 2000-இல் எடுத்த 'பாரதி' படம் தொடங்குவதே பாரதியின் கடைசி யாத்திரையில். போனவர்கள் 14 பேர். அங்கிருந்துதான் கதை பின்னால் போகிறது. விழாவில் படத்தைப் போட்டபோது அந்தக் காட்சியைத்தான் ரிமோட்டால் தள்ளிவிட்டீர்கள். "நல்ல காரியத்தைப் பிணத்தோடவா ஆரம்பிப்பாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்க, நாலு பேர் தலையாட்ட, முடிந்தது.

அதற்கு ஐந்து நிமிஷம் முன்புதான் பிள்ளைகள் மேடையேறி, காலனைச் சிறு புல்லாக நினைத்துக் காலருகே கூப்பிடும் பாரதி பாட்டை ஒப்பித்தார்கள். எல்லாரும் கைதட்டினோம். காலனை மிதிக்கலாம், பாடையைப் பார்க்கக் கூடாது. நல்ல முறை!

கோயில் மண்டபம், அதற்கென்று சில வழக்கம் உண்டு என்பீர்கள். சரி. அதே மண்டபத்தில் சிறுத்தொண்டர் கதை சொல்லும்போது, பெற்ற பிள்ளையை அறுத்துக் கறி சமைக்கும் இடத்தை எவரும் தாண்டிப் போனதில்லையே. "நீ என்ன செய்தாய்?" என்பவர்களுக்கு: நாற்காலி தூக்கினேன், நன்கொடை ரசீதும் இருக்கிறது. பாரதியாக நடித்த சாயாஜி ஷிண்டே மராட்டியராச்சே என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. முண்டாசுக்குக் கீழே அந்தக் கண்ணைப் பார்த்தவன் அதைக் கேட்க மாட்டான்.

யானை மிதித்துத்தான் பாரதி செத்தார் என்று அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடும்போதுகூட ஒருவர் பாடம் நடத்தினார். திருவல்லிக்கேணியில் யானை தள்ளியது நிஜம். அதிலிருந்து பிழைத்து, அப்புறம்தான் 1921 செப்டம்பரில் வயிற்றுக் கோளாறில் போனார். வயது 38. முதல் காட்சியே வேண்டாம் என்பவர்களுக்கு இது எதற்கு?

இன்னொன்று. அவர் பாட்டுப் புத்தகங்களுக்கு 1928-இல் முதலில் தடை போட்டது பர்மா அரசுதான். அதற்குப் பிறகே மதராஸ் அரசு பறிமுதலில் இறங்கியது. அதை எதிர்த்துக் காங்கிரஸ்காரர் சத்தியமூர்த்தி சட்டசபையில் மல்லுக்கு நின்றார். ஆக, பாரதிக்குக் கத்தரி போடுவது ரங்கூனுக்குப் புதுசில்லை. அன்றைக்கு வெள்ளைக்காரன் பயந்து போட்டான். நீங்கள் எதற்குப் பயந்தீர்கள்?

உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். ஆமாம். என் தாத்தா 1965-இல் போனார். முந்தின வருஷம் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் சொந்தபந்தம் பூராவும் கப்பலேறிவிட்டது. தோள் கொடுக்க ஆளில்லாமல் பக்கத்து வீட்டு பர்மாக்காரர்கள் இரண்டு பேர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்களாம். அம்மாவுக்கு அப்போது பத்து வயது. வாசலில் நின்று எண்ணியிருக்கிறார். ஒன்பது பேர். பெரிய கூட்டம் வந்து அழுத சாவு உங்கள் வீடுகளில் நடந்திருக்கலாம், சந்தோஷம். எங்கள் வீட்டில் இல்லை. அந்தக் காட்சியில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது. அதைக் கேட்காமல் தள்ளிவிட்டீர்கள்.

அன்று ராத்திரி மகளின் போனில் அந்தத் தொடக்கத்தை மட்டும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விரல் விட்டு எண்ணினார்.

"நம்ம அப்பாவை விட இவருக்குக் கூட்டம் ஜாஸ்திதான்" என்றார். மிச்சப் படத்தைப் பார்க்காமல் படுக்கப் போய்விட்டார்.