நாணயம் கெட்ட பேரரசு

ரோமின் வீழ்ச்சி என்றதும் கி.பி. 476-ஐயும், அந்த ஆண்டில் ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற சிறுவனை அரியணையிலிருந்து இறக்கிய ஜெர்மானியப் படைத்தலைவர் ஒடோவாக்கரையும் சொல்லிவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் பேரரசு தன் குடிகளிடம் நம்பிக்கை இழந்தது அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, அதன் நாணயச்சாலைகளில்தான் என்பது என் உறுதியான எண்ணம். காசுக்கும் நேர்மைக்கும் நம் மொழியில் நாணயம் என்ற ஒரே சொல் இருப்பது, இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து டெனாரியஸ் என்ற காசு ஏறக்குறைய கலப்பற்ற வெள்ளி. கி.பி. 64 வாக்கில் பேரரசர் நீரோ அதில் செம்பைக் கூட்டினார். ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 காசு அடித்த இடத்தில் 96 அடிக்கச் செய்தார். கோவை வட்டாரப் புதையல்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை நீரோவுக்கு முந்தைய பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோருடையவை. மாற்றுக் குறைந்த காசை இங்குள்ள வணிகர்கள் விரும்பவில்லை என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பிறகு படைச்செலவு எல்லாவற்றையும் விழுங்கியது. படைவீரர்களை வளமாக்குங்கள், மற்றவர்களைப் பொருட்படுத்தாதீர்கள் என்று பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் 211-இல் இறக்கும் தறுவாயில் தம் மகன்களிடம் சொன்னதாக வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். மகன் கரகல்லா, இரண்டு டெனாரியஸ் மதிப்பென்று வெளியிட்ட புதுக் காசில் ஒன்றரை டெனாரியஸுக்கான வெள்ளியே இருந்தது. 268-இல் கல்லியேனஸ் ஆட்சி முடிந்தபோது அதே காசில் வெள்ளி நூற்றுக்குச் சில பங்காகச் சுருங்கிவிட்டது. அக்காலக் காசு ஒன்றை உற்றுப் பார்த்தால், பேரரசரின் மூக்கு நுனியிலும் கதிர்முடியின் முனைகளிலும் மேற்பூச்சு தேய்ந்து, உள்ளே இருக்கும் செம்பு பழுப்பாகத் தெரியும்.

என்னை மிகவும் பாதித்தது ரோமின் ஆட்சியில் இருந்த எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரில் கிடைத்த, 260-ஆம் ஆண்டைச் சேர்ந்த, பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய ஓர் ஆணை. பேரரசர்களின் புனிதக் காசை வாங்க மனமில்லாமல் கடையடைத்த நாணயமாற்று வணிகர்கள் உடனே கடையைத் திறக்க வேண்டும், கள்ளக்காசு தவிர எதையும் மறுக்கக் கூடாது என்று உள்ளூர் அதிகாரி அதில் மிரட்டுகிறார். எதிரிப்படை எதுவும் அந்த ஊர் வாசலில் நிற்கவில்லை. பேரரசர் முகம் பொறித்த காசைக் கையில் வாங்கத்தான் ஆள் இல்லை.

301-இல் பேரரசர் டயோக்ளீஷியன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் விலைக்கும் கூலிகளுக்கும் உச்சவரம்பு விதித்து, மீறினால் மரண தண்டனை என்று அறிவித்தார். சரக்கு சந்தையிலிருந்து மறைந்ததுதான் மிச்சம் என்கிறார் அவர் காலத்தில் வாழ்ந்த கிறித்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ். அதற்குள் அரசே வரியின் பெரும்பங்கைக் காசாக வாங்காமல், தானியமாகவும் எண்ணெயாகவும் இறைச்சியாகவும் அளந்து வாங்கிக்கொண்டிருந்தது.