பிதா என்றால் யார்?

அமெரிக்காவில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு இளைஞர்கள் கதவைத் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையின் மிஷனரிகள். உட்காரச் சொல்லி, டீ போடட்டுமா என்று கேட்டேன். டீ, காபி இரண்டுமே அவர்கள் சபையில் கூடாதாம். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்கள். இருபது வயதுகூட இருக்காது, அவ்வளவு பணிவு.

இயேசு, சிலுவை, உயிர்த்தெழுதல், பாவமன்னிப்பு என்று அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நான் ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்த சொல்தான். அப்புறம் எங்கே வித்தியாசம்?

பலரும் உடனே பலதார மணத்தை இழுப்பார்கள். அதைக் கைவிடுவதாக அந்தச் சபை 1890இலேயே அறிவித்துவிட்டது. இன்று செய்தால் சபையை விட்டே நீக்குகிறார்கள். இன்னும் அதை வைத்துக் கேலி பேசுவது நியாயமே இல்லை. மார்மன் புத்தகம் என்ற தங்கள் நூலை அவர்கள் வேதாகமத்துக்கு இணையாக வைப்பது பெரிய விஷயம்தான். ஆனாலும் எனக்கு எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: பிதா என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்?

குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அறிக்கையிட்டார்கள். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன் எல்லோரும் இன்றும் விசுவசிப்பது அதைத்தான். மார்மன் போதனையில் பிதாவும் குமாரனும் தனித்தனி ஆட்கள். பிதாவுக்கும் மாம்சமும் எலும்பும் உண்டு. 1844 ஏப்ரலில், தான் கொல்லப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் நாவூ நகரில் செய்த பிரசங்கத்தில் தேவனும் ஒரு காலத்தில் நம்மைப் போல மனிதராக இருந்தவர் என்றே சொன்னார். "எனக்குமுன் ஏற்பட்ட தேவன் இல்லை" என்ற ஏசாயா வசனத்தை மனப்பாடம் செய்து வளர்ந்த என்னால் அதை ஏற்கவே முடியவில்லை.

லுத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்கராக வந்தால் மறுபடி கொடுக்கமாட்டார்கள். மார்மன்களும் தண்ணீரில் முழுக்கி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் அது செல்லாது என்று 2001இல் வத்திக்கான் தீர்மானித்தது. சொல்லில் குறையில்லை, அந்தப் பெயர்களுக்கு அவர்கள் கொடுக்கும் பொருள்தான் வேறு. கடுமையாகத் தெரியலாம். எனக்கு அது சரியென்றே படுகிறது. மார்மன் சபையும் தன்னிடம் வருகிற கத்தோலிக்கருக்குப் புதிதாகத்தான் ஞானஸ்நானம் கொடுக்கிறது.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளைகள் மறுபடி வந்தபோது ஏசாயாவைத் திறந்து வைத்து நேராகவே கேட்டேன். இளையவன், 1820இல் ஒரு தோப்பில் ஜோசப் ஸ்மித் பிதாவையும் குமாரனையும் இருவராகக் கண்டதைச் சொன்னான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நான் ஒத்துக்கொள்ளவில்லை, அதை மறைக்கவும் இல்லை. இரண்டு பேரையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன்.