பேய்க்கு மட்டும் ஏன் எப்பவும் பக்கத்து ஊர் பாஷை?

இன்னைக்கும் அதேதான் நடந்துச்சு. திருவனந்தபுரம் ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு நேரம். அம்மா போன் பண்ணினாங்க. காயப் போட்ட ரப்பர் ஷீட் எல்லாம் மழையில நனையப் போகுது, தம்பிய எடுத்து உள்ள போடச் சொன்னா கேக்க மாட்டேங்கான்னு ஒரே புலம்பல். "போன அவன் கையில குடுங்கம்மா, இன்னைக்கு அவன நான் சும்மா விடமாட்டேன்"னு சொன்னேன். அவ்வளவுதான். ரெண்டு மேசை தள்ளி இருந்த ஒருத்தர் கண்ண உருட்டி, விரல மடக்கிக் காத்துல பிராண்டுற மாதிரி காட்டி, "விடமாட்டே...?"ன்னு இழுத்தார். அறையில இருந்த மொத்தப் பேரும் சிரிச்சாங்க.

ஆறு வருஷமா இதக் கேக்குறேன். கன்னியாகுமரி மாவட்டத்துல குழித்துறையில வண்டி ஏறி, கேரள எல்லைக்குள்ள போய், பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி திருவனந்தபுரத்துல வேலைக்குப் போற ஆயிரம் பேர்ல நானும் ஒருத்தி. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் மலையாளத்துலதான் பேசுறேன், நல்லாவே பேசுறேன். ஆனா அம்மா போன் வந்தா தமிழ்தான் வரும். அப்ப நான் என்ன பேசினாலும் சரி, கேஸ் புக் பண்ணச் சொன்னாலும் சரி, காய்ச்சலுக்கு மாத்திரை போடச் சொன்னாலும் சரி, அங்க இருக்கிறவங்க காதுக்கு அது ஒரு பழைய மலையாளப் பேய்ப் படத்துல வர்ற நாகவல்லி பேசுற பாஷை. முதல் வருஷம் நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். இப்ப வயிறு எரியுது.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 1993ல ஃபாசில் இயக்கி வந்த மணிச்சித்திரத்தாழு. 2024 ஆகஸ்ட்ல புதுசா மெருகேத்தி மறுபடி தியேட்டருக்கு வந்தப்ப ஆபீஸ்ல எல்லாரும் போனோம். நல்ல படம், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஷோபனாவுக்கு தேசிய விருது குடுத்தாங்க, அது தகும். ஆனா அந்தப் படத்துல பயம் எப்படி வருதுன்னு பாருங்க. ஷோபனா நடிச்ச கங்கா மலையாளம் பேசுற வரைக்கும் அவ நல்ல மனைவி. நகை எடுக்க வெளிய போகணும்னு கேட்டவள புருஷன் போகவேண்டாம்னு தடுக்கிறான். 'விடமாட்டே...?'ன்னு கேக்கிறப்ப அவ குரல் மாறுது, பாஷை மாறுது, தஞ்சாவூர் நாட்டியக்காரி நாகவல்லி வந்துடறா. தமிழ் வந்துடுச்சு, அப்ப பேய் வந்துடுச்சுன்னு அர்த்தம். தியேட்டர்ல என் பக்கத்துல உக்காந்திருந்த ஒரு சின்னப் பொண்ணு அந்த இடத்துல தன் அம்மா தோள்ல முகத்தப் புதைச்சுக்கிட்டா. எனக்கோ ஒவ்வொரு வார்த்தையும் நேரா உள்ள போகுது. கொன்னு போட்ட ஒரு பொம்பளை நியாயம் கேக்கிறா, எங்க சித்தி சண்டைக்கு நின்னா எப்படிக் கேப்பாளோ அப்படிக் கேக்கிறா. அரங்கம் மொத்தமும் பயந்து கிடக்க, எனக்கு அழுகை வந்துச்சு.

இன்னொண்ணு தெரியுமா? நாகவல்லியோட அந்தத் தமிழ்க் குரல், கங்காவுக்குப் பேசினவங்க குரல் இல்ல. அதப் பேசினது துர்கான்னு ஒரு தமிழ் டப்பிங் கலைஞர். கேரளமே முப்பது வருஷமா நடிச்சுக் காட்டிக்கிட்டிருக்கிற அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி யாருன்னு வருஷக்கணக்கா வெளியே தெரியாமலே கிடந்துச்சு. ஊரைப் பயமுறுத்த தமிழ்க் குரல் வேணும், பேரு மட்டும் வேண்டாம்.

சரி, மலையாளத்துக்காரங்க மட்டும்தான் இப்படியா? அதான் இல்ல, அங்கதான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருது. இதே கதை 2005ல தமிழ்ல சந்திரமுகியா வந்துச்சு. இங்க பேய் என்ன பாஷை பேசுது? தெலுங்கு. 'ரா ரா'ன்னு கூப்பிடுது. அதுக்கு முந்தின வருஷம் கன்னடத்துல ஆப்தமித்ரா, அங்கயும் பேய்க்குத் தெலுங்கு. 2007ல இந்திக்குப் போனப்ப வங்காளத்து மஞ்சுளிகா ஆயிட்டா. நாலு பாஷை, ஒரே கதை. ஒவ்வொருத்தரும் வேலி தாண்டி பக்கத்து வீட்டுல இருந்து பேயைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. சொந்த பாஷையில ஒரு பொண்ணு வெறி பிடிச்சு நிக்கிறதப் பாக்க ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. சித்தூர், திருத்தணி பக்கம் வீட்டுக்குள்ள தமிழும் தெலுங்கும் கலந்து பேசுற குடும்பங்க எத்தனை! அந்த வீட்டுப் பொண்ணுங்கள எத்தனை பேர் 'ரா ரா'ன்னு கூப்பிட்டுச் சிரிச்சிருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு நெஞ்சு பதறுது.

பேய்ப் படத்தை விடுங்க. க்ரைம் படம் இதை விட மோசம். ரெண்டு வாரத்துக்கு முன்னால ராத்திரி போன்ல ஒரு மலையாளப் படம் பாத்தேன். பேரைச் சொல்ல எனக்கு விருப்பமில்ல. ஆரம்பம் அருமை. ஒரு மழை ராத்திரி, ஒரு காணாமப் போன பையன், களைச்சுப்போன ஒரு எஸ்.ஐ. ஒரு மணி நேரம் அசையாம உக்காந்து பாத்தேன். அப்புறம் வந்துச்சு பாருங்க அந்த லாரி. நெத்தியில பட்டையா விபூதி, மேல தமிழ் எழுத்து. அதைப் பாத்த உடனேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு கொலைகாரன் யாருன்னு. ஒரு மணி நேர மர்மம் ஒரு லாரியோட நெத்தியில முடிஞ்சுது. அதுக்கப்புறம் போலீஸ் ஜீப் 'பாண்டி'க்குப் போகுது. தமிழ்நாட்டை அங்க இளக்காரமாச் சொல்ற பேரு அது. படத்தோட நிறமே மாறுது, எல்லாம் மஞ்சளா, புழுதியா. ஒரு பச்சை மரம் கிடையாது. கிராமமே அருவாளோட நிக்குது, பேசுற ஒருத்தனுக்கும் முகம் கிடையாது. ஏன்யா, களியக்காவிளையில செக்போஸ்ட் தாண்டினா மண்ணு நிறம் மாறுமா? அந்தப் பக்கம் இருக்கிற அதே ரப்பர், அதே தென்னை, அதே வாழைதானே இந்தப் பக்கமும்! எங்க வீட்டுப் பின்கட்டுல நின்னா ஆறு மாசம் மழைச் சேறுதான்.

குத்தம்னா என்னன்னு எங்களுக்கு சினிமா சொல்லித் தர வேண்டாம். 2020 ஜனவரி 8 ராத்திரி களியக்காவிளை சோதனைச்சாவடியில வேலையில இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருத்தரைச் சுட்டுக் கொன்னாங்க. அந்த ரோட்டுலதான் நாங்க மீன் வாங்கப் போவோம். அடுத்த சில நாள் இருட்டினதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் போறதுக்கே எங்கம்மா விடல. அந்தப் பயம் எப்படி இருக்கும்னு எந்தப் படமாவது எடுத்துச்சா? இவங்களுக்கு எல்லைன்னா பிணத்தைப் போட்டுட்டுப் போற இடம், கொலைகாரன் தப்பிச்சு ஓடுற இடம். அங்க ஜனங்க இருக்காங்க, ரேஷன் கடையில நிக்கிறாங்க, பிள்ளைய டியூஷனுக்கு அனுப்புறாங்கன்னு ஒரு காட்சியில கூட வராது.

'பாண்டி'ன்னு சொல்றது சும்மா ஊர்ப் பேருன்னு ஒருத்தர் எனக்கு விளக்கம் சொன்னார். ஊர்ப் பேருன்னா மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு ஏன் சொல்றீங்க? அப்ப திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த எங்க ஊர் தமிழ்நாட்டோட சேரணும்னு கேட்டதுக்காக 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் குண்டடி பட்டுச் செத்தவங்க எங்க ஊர்க்காரங்க. 1956 நவம்பர் 1ல விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் இங்க வந்து சேர்ந்துச்சு. தமிழ்னு சொல்ல எங்க தாத்தாமார் குடுத்த விலை அது. அந்தத் தமிழை வேடிக்கை காட்டினா எனக்கு வலிக்கும், வலிக்கத்தான் செய்யும்.

இப்ப இந்தப் பக்கத்துக்கு வர்றேன். தமிழ் பேய்ப் படம் எடுக்கிறவங்களே, உங்களுக்கு என்னதான் பிரச்சினை? வீட்டுல பாத்திரம் உருளுது, கதவு தானா சாத்துது, குழந்தை சுவத்தப் பாத்துப் பேசுது. உடனே யாராவது ஒரு மாமா சொல்லுவார், "கேரளாவுல எனக்குத் தெரிஞ்ச ஒரு நம்பூதிரி இருக்கார்"னு. அடுத்த காட்சியில படகு, பாக்குமரம், செண்டை சத்தம். வெள்ளை முண்டு, சந்தனக் கீத்து, சோழி உருட்டுறவர் ஒருத்தர் வந்து கண்ண மூடி, "இவிடே ஒரு ஆத்மாவு உண்டு" அப்படிம்பார். எத்தனை வருஷமா இதே ஆளு? தமிழ்நாட்டுல கோடாங்கி இல்லையா? உடுக்கடிச்சுக் குறி சொல்றவங்க இல்லையா? சாமி கொண்டாடி இல்லையா? எங்க ஊர் சுடலைமாடன் கொடையில நடுச்சாமத்துல வேட்டைக்குப் போற சாமியை ஒருநாள் வந்து பாருங்க, உங்க மொத்தப் படமும் அந்தப் பந்தத்து வெளிச்சம் முன்னால நிக்காது.

இதோட பலன எங்க தலையில கட்டுறாங்க. எங்க மைனி வீடு மதுரைப் பக்கம். அண்ணன் கல்யாணத்துக்குப் போனப்ப அவங்க பெரியம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, குரலத் தாழ்த்தி, "ஏம்மா, ஒங்க பக்கம் செய்வினை எடுக்கிறதுக்கு நல்ல ஆளு இருக்காமே, நம்ம மாப்பிள்ளைக்கு யாரையாச்சும் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. பாவம், பாசமாத்தான் கேட்டாங்க. எங்க பேச்சுல ரெண்டு வார்த்தை மலையாளம் மாதிரி கேட்டுச்சு, நல்லாருக்குங்கிறதுக்கு "கொள்ளாம்"னு சொன்னோம், அவ்வளவுதான், நாங்க மாந்திரீகக் குடும்பம் ஆயிட்டோம். அந்தப் பக்கம் போனா பாண்டி, இந்தப் பக்கம் வந்தா மந்திரவாதி. நாங்க எங்க போய் நிக்கிறது?

நீலி விஷயத்தைச் சொல்லாம இதை முடிக்க முடியாது. 2025 ஆகஸ்ட்ல லோகா வந்துச்சு. கேரளக் கதைகள்ல யட்சின்னு சொல்ற கள்ளியங்காட்டு நீலியை நாயகியா வச்ச மலையாளப் படம். உலகம் பூரா 300 கோடிக்கு மேல வசூல், பாத்தவங்க எல்லாம் கொண்டாடினாங்க. கல்யாணி பிரியதர்ஷன் சண்டை போட்டப்ப நானும் கைதட்டினேன். மறுநாள் ஆபீஸ்ல "ஞங்ஙளுடெ நீலி, ஞங்ஙளுடெ நீலி"ன்னு, எங்க நீலின்னு ஒரே பேச்சு. நான் கேட்டேன், கள்ளியங்காடு எங்க இருக்குன்னு தெரியுமான்னு. ஒருத்தருக்கும் தெரியல. நாகர்கோவில் பக்கத்துல இருக்கு, மக்களே. கத்தனார்ங்கிற மந்திரவாதிப் பாதிரியார் அடக்கினதா நீங்க கேட்ட அதே நீலி கதைய எங்க ஊர்ல வில்லுப்பாட்டுல பாடுவாங்க. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலுக்குப் போனா இசக்கியம்மனா உக்காந்திருக்கா. பிள்ளை வேணும்னு தொட்டில் கட்டுறாங்க, பிள்ளை பிறந்தா மண்ணுல பிள்ளை உருவம் செஞ்சு கொண்டு வந்து வைக்கிறாங்க. சின்ன வயசுல பாட்டி கூடப் போய் அந்த மண் பிள்ளைகளை வரிசையா எண்ணியிருக்கேன். மூக்கு உடைஞ்சது, சாயம் போனது, மழையில கரைஞ்சு வெறும் வயிறு மட்டும் மிஞ்சினது. அப்படி வரிசையா வச்சுக் கும்பிடுற ஒருத்திய நாங்க பேய்னு நெனச்சதே இல்ல.

வடக்கே ஆந்திர எல்லைப் பக்கம் திருவாலங்காட்டுக்குப் பக்கத்துல பழையனூர்லயும் நீலி இருக்கா. தன்னைக் கொன்ன புருஷனைத் தேடி வந்தவ, கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு ஊர்ச் சபை முன்னால நியாயம் கேட்டவ. நீலிக்கண்ணீர்னு நாம இன்னைக்கும் சொல்றது அவ அழுததத்தான். தெற்கு எல்லையிலயும் வடக்கு எல்லையிலயும் எங்க தெய்வமா நிக்கிறவ அவ. பேய் கெட்டவளா இருந்தா தமிழச்சி, அதே பேய் நல்லவளா மாறி 300 கோடி சம்பாதிச்சா மட்டும் எங்க கை விட்டுப் போயிடறா. தமிழ்நாட்டுக்காரங்களும் "சூப்பர் மலையாளப் படம்"னு சொல்லிட்டு எழுந்து போனாங்களே தவிர, இது நம்ம ஊர்க்காரின்னு ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அந்த மௌனம்தான் கூடுதலா வலிச்சுது.

அப்படி எடுக்கவே முடியாதுன்னு யாரும் சொல்லாதீங்க. 2024ல மலையாளத்துல வந்த பிரமயுகம் பாருங்க. கறுப்பு வெள்ளை, இடிஞ்சு விழுற ஒரு மனை, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆளுங்க. வழி தவறி வந்த பாணன், சமையக்காரன், வீட்டுக்குச் சொந்தக்காரன் கொடுமோன் போற்றி. பயத்துக்காக யாரையும் பக்கத்து ஊர்ல இருந்து கூட்டிட்டு வரல. அவங்க வீட்டுக்குள்ள இருந்த அதிகாரத்தையும் சாதியையுமே கதவத் திறந்து காட்டினாங்க. பாத்துட்டு வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. திருஷ்யம் 2015ல பாபநாசமா வந்தப்ப, கதையோட சேர்த்து தெக்கத்திப் பேச்சையும் மண்ணையும் கொண்டு வந்தாங்க. ஜெயமோகன் எழுதின வசனம். அந்தக் குடும்பம் எங்க தெருவுல இருக்கிற குடும்பம் மாதிரியே இருந்துச்சு. அதனாலதான் அவங்க மாட்டிக்கக் கூடாதேன்னு கடைசி வரைக்கும் நெஞ்சு அடிச்சுது.

இதையெல்லாம் சொன்னா ஒரே பதில்தான் வரும். "வெறும் படம்தானே, விடு." வெறும் படம்னா முப்பது வருஷம் கழிச்சும் எங்கம்மாகிட்ட நான் போன்ல பேசுற தமிழுக்கு ஏன் சிரிக்கிறாங்க? சினிமாவை விட்டுட்டுப் போக என்னால முடியாது. சனிக்கிழமை ராத்திரி சோறு தின்னுட்டு ஒரு நல்ல க்ரைம் படத்தோட உக்காந்தா எனக்கு அந்த வாரத்துக் களைப்பே போயிடும், அவ்வளவு பிடிக்கும். பிடிக்கிறதாலதான் கேக்குறேன்.

சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னால எல்லாரும் கூடி வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு புதுப் படத்துக்குப் போகலாம்னு பேசிக்கிட்டாங்க. ட்ரெய்லர் போட்டுக் காட்டினாங்க. நல்ல மழை, நல்ல இசை, ரயில் பாதையில ஒரு செருப்பு. நாப்பதாவது நொடியில அந்த லாரி வந்துச்சு, நெத்தியில விபூதி, தமிழ் எழுத்து. எனக்கு டிக்கெட் போட வேண்டாம்னு சொல்லிட்டு வண்டிக்கு ஓடி வந்துட்டேன். வண்டியில உக்காந்து அம்மாவுக்குப் போன் போட்டு, பெட்டி முழுக்கக் கேக்கும்படியாத் தமிழ்ல பேசினேன். ஷீட் எல்லாம் நனைஞ்சு போச்சாம்.