அடுத்த தார் எவ்வளவு பெரிசு, எவ்வளவு ஏறும்?

மஹிந்திரா விஷன் டி பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் சண்டையைப் பார்த்தால், ஆளாளுக்கு ஒரு இஞ்ச் டேப்போடு கிளம்பிவிட்டது போலத் தெரிகிறது. நாலு மீட்டருக்குள் அடங்குமா, தாண்டுமா? அஞ்சு கதவுத் தாரான ராக்ஸை விடச் சின்னதா? மூணு கதவா, அஞ்சு கதவா? என் கட்சி கொஞ்சம் வேறு. நீளத்தை முடிவு செய்யப்போவது ஜிஎஸ்டி. மலையில் ஏறுமா என்பதை முடிவு செய்யப்போவது லோ ரேஞ்ச் கியர், அதாவது வண்டியை மெதுவாக, பலமாக ஊர வைக்கிற கூடுதல் கியர். முதலாவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், இரண்டாவதைக் கேட்கக்கூட ஆளில்லை.

விஷயம் புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு: 2025 ஆகஸ்ட் 15 அன்று மும்பையில் மஹிந்திரா நான்கு கான்செப்ட் வண்டிகளைக் காட்டியது. விஷன் எஸ், விஷன் டி, விஷன் எஸ்எக்ஸ்டி, விஷன் எக்ஸ். நான்குக்கும் என்யூ ஐக்யூ என்ற ஒரே தளம். மோனோகாக், அதாவது தனிச் சட்டம் கிடையாது, பாடியே சட்டம். எஞ்சினும் வைக்கலாம், பேட்டரியும் வைக்கலாம். 2027 முதல் இந்த வரிசை வண்டிகள் விற்பனைக்கு வரத் தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதில் விஷன் டி, 2023இல் கேப் டவுனில் காட்டிய எலக்ட்ரிக் தார் கான்செப்டின் தம்பி மாதிரி இருக்கிறது. அதனால்தான் எல்லாரும் இதையே அடுத்த தார் என்று எழுதுகிறார்கள். ஷோரூமில் என்ன பெயரோடு நிற்கும் என்பது வேறு விஷயம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அளவு. இந்தத் தளத்தில் 3,990 முதல் 4,320 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள வண்டிகள் செய்யலாம் என்றும், வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2,665 என்றும், கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரையிலிருந்து வண்டியின் தாழ்ந்த இடம் வரை உயரம்) 227 என்றும் அறிவித்தார்கள். அந்த 3,990 தற்செயல் இல்லை. மஹிந்திராவின் சின்ன எஸ்யூவி எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவின் நீளமும் அதேதான். 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு, நாலு மீட்டருக்கு உட்பட்டு, பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி தாண்டாத வண்டிக்கு 18 சதவீதம் வரி. இதில் ஒன்று தாண்டினாலும் 40. ஆக, பத்து மில்லிமீட்டருக்கு அந்தப் பக்கம் லட்சக்கணக்கில் வித்தியாசம் நிற்கிறது. எலக்ட்ரிக் என்றால் எந்த நீளத்துக்கும் 5 சதவீதம்தான்.

இதை வைத்து என் ஊகம்: ஒரே உருவத்தை வெவ்வேறு பம்பரோடு இரண்டு நீளத்தில் விற்கும் வேலையை மஹிந்திரா செய்யாது. டி நாலு மீட்டரைத் தாண்டும், 4.2, 4.3 பக்கம் நிற்கும். நாலு மீட்டருக்குள் ஒடுக்குகிற வேலையை அதே தளத்தில் வரும் வேறொரு வண்டிக்கு விட்டுவிடுவார்கள். இப்போதைய மூணு கதவுத் தார் 3,985, ராக்ஸ் 4,428. இடையில் ஒரு இடம் காலியாகத்தானே இருக்கிறது.

நீளத்துக்கும் ஏறுகிற திறமைக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், ஒரே ஒரு இடத்தில் உண்டு. சக்கரங்களுக்கு வெளியே முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி எவ்வளவு என்பதுதான் அது. நீளத்தில் வீல்பேஸைக் கழித்துப் பாருங்கள். மூணு கதவுத் தாருக்கு 1,535 மில்லிமீட்டர் வரும். ராக்ஸுக்கு 1,578. மாருதி ஜிம்னிக்கு 1,395. இந்தப் புதுத் தளத்தில் 3,990 நீளத்துக்கு ஒரு வண்டி செய்தால் 1,325தான் மிஞ்சும், ஜிம்னியை விடவும் குறைவு! ஆனால் 4,320க்குப் போனால் 1,655. ராக்ஸை விட அதிகம். அதுவும் தாரின் கணக்கில் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியும் சேர்த்தி. அது உயரத்தில் இருப்பதால் மேட்டில் இறங்கும்போது தரையில் இடிக்காது. அதனால் குறுகிய நீளத்தைக் கிண்டல் செய்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். காட்டுப் பாதைக்கு அதுதான் நல்ல செய்தி. வரிக்காக ஒடுக்கினாலும் லாபம் நமக்கு.

அடுத்து அந்த 227. "தாரும் 226, இதுவும் 227, அப்புறம் என்ன?" என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டும் ஒரே எண் போலத் தெரிந்தாலும் ஒன்றில்லை. தாரின் பின்பக்கம் திடமான ஆக்சில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு. அதன் நடுவில் தொங்கும், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் குண்டுதான் வண்டியின் தாழ்ந்த இடம். வயிறு அதைவிட மேலே இருக்கிறது. மோனோகாக்கில், குறிப்பாகப் பேட்டரியும் பொருந்துகிற மாதிரி தட்டையாகச் செய்த தரையில், வயிறு முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு மேடு வந்தால் தார் தாண்டிவிடும், இது உட்கார்ந்துவிடலாம். வயிறு முழுவதும் 227இல் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால் 2,665 வீல்பேஸுக்கு, வயிறு இடிக்காமல் மேட்டைத் தாண்டும் கோணம் சுமார் 19 டிகிரிதான் வருகிறது. ராக்ஸ் இதைவிட நீளமான வீல்பேஸை வைத்துக்கொண்டே 23.9 டிகிரி என்று சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. திட ஆக்சிலில் சக்கரம் கல்லின் மேல் ஏறினால் டிஃபரன்ஷியலும் கூடவே எழும்பும். நாலு பக்கமும் தனித்தனி சஸ்பென்ஷன் வைத்த வண்டியில், நாலு பேரும் சாமானும் ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் அந்த 227 அப்படியே இருக்காது. விளம்பரத்தில் போடும் எண் காலி வண்டிக்கா, லோடு ஏற்றியதற்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் என்னை லேடர் ஃபிரேம் (தாரில் இருப்பது மாதிரி பாடிக்கு அடியில் தனி ஏணிச் சட்டம்) பக்தன் என்று நினைத்துவிட வேண்டாம். என்னிடம் இருப்பது மூணு கதவுத் தார், அதனால் கொஞ்சம் சாய்வு இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மோனோகாக்கா, அப்போ மால் பார்க்கிங்குக்குத்தான்" என்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு. சோவியத் ரஷ்யாவில் 1977இல் வந்த லாடா நிவா மோனோகாக்தான். வீல்பேஸ் 2.2 மீட்டர், நீளம் நாலு மீட்டரை விடக் குறைவு. ஆனால் நிரந்தர நாலு சக்கர ஓட்டம், நடு டிஃபரன்ஷியலுக்குப் பூட்டு, லோ ரேஞ்ச் மூன்றும் இருந்தன. பனியிலும் சேற்றிலும் அது செய்த வேலையை இன்றைக்குப் பல பெரிய எஸ்யூவிகளால் செய்ய முடியாது. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 2016இல் லேடர் ஃபிரேமுக்கு விடை கொடுத்துவிட்டு, அலுமினிய மோனோகாக்கில் திரும்பி வந்தது. ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அது 900 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்குகிறது. தாரின் கணக்கு 650. முக்கியமாக, அந்த டிஃபெண்டரிலும் லோ ரேஞ்ச் இருக்கிறது.

அங்கேதான் நான் வர நினைத்தேன். லோ ரேஞ்ச் என்பது நாலு சக்கரமும் சுற்றுவதைப் பற்றிய விஷயம் இல்லை, மெதுவாகச் சுற்றுவதைப் பற்றியது. கியர் விகிதத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுவதால், எஞ்சின் முக்காமல், கிளட்சைக் கருக்காமல், ஆள் நடக்கிற வேகத்தில் பாறைகள் மேல் ஊர்ந்து போகலாம். இறங்கும்போது பிரேக்கில் கால் வைக்காமல் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த ஓட்டுநர்கள் வைத்திருக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் திரை இல்லை, மோடு இல்லை, கேமரா இல்லை. குட்டையான கட்டு, ஒல்லியான உடம்பு, சின்ன கியர். அவ்வளவை வைத்துக்கொண்டு விடியலுக்கு முன் இருட்டில் ஏற்றிவிடுகிறார்கள்.

என் ஊகப்படி விஷன் டியில் லோ ரேஞ்ச் வராது. முன்சக்கர ஓட்டத்தை அடிப்படையாக வைத்து, தேவைப்பட்டால் பின்சக்கரத்துக்கும் சக்தி அனுப்புகிற வகைத் தளம் இது. எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கும் வண்டியில் லோ ரேஞ்ச் கியர் உட்காரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டிக்கு இடம் கண்டுபிடிப்பது செலவான வேலை. அதற்குப் பதில் மணல், சேறு, பனி என்று ஒரு சுழல் பொத்தான் கொடுத்துவிடுவார்கள். வழுக்கும் சக்கரத்தைப் பிரேக் போட்டு நிறுத்தி மற்றதற்குச் சக்தி அனுப்பும் வேலை பத்து நிமிஷத்துக்கு நன்றாக நடக்கும். நீண்ட ஏற்றத்தில் சூடேறிக் கைவிரிக்கும்.

குறைந்த செலவில் ஒரு வழி இருக்கிறது. 2014இல் இந்தியாவில் விற்ற ரெனோ டஸ்டர் ஆல்வீல் டிரைவில் லோ ரேஞ்ச் கிடையாது. ஆனால் ஆறு கியர் பெட்டியில் முதல் கியரை வேண்டுமென்றே மிகச் சின்னதாக வைத்திருந்தார்கள், 4.45 விகிதம். சாதாரண ரோட்டில் இரண்டாவதில் கிளம்பலாம், மேடு வந்தால் முதல் கியர். எளிய யோசனை. மஹிந்திரா இதையாவது செய்தால் பாதிப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

"எலக்ட்ரிக் வந்தால் இதெல்லாம் தேவையே இல்லை, மோட்டாருக்கு ஆரம்பத்திலிருந்தே இழுவிசை உண்டு" என்று ஒரு வாதம் வரும். ஓரளவு உண்மை. ஆனால் மெர்சிடிஸ் தன் எலக்ட்ரிக் ஜி கிளாஸில் நாலு மோட்டார் வைத்தும், ஒவ்வொன்றுக்கும் லோ ரேஞ்ச் கியர் சேர்த்துத்தான் விற்கிறது, லேடர் ஃபிரேமையும் விடவில்லை. அவர்களுக்குப் பணம் மிச்சம் என்பதால் மட்டும் செய்திருக்க மாட்டார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தார் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் லோ ரேஞ்ச் போடும் அந்த 4எல் கம்பியைத் தொட்டிருக்கிறார்கள்? ஜிம்னியைப் பாருங்கள். லேடர் ஃபிரேம், இரண்டு பக்கமும் திட ஆக்சில், லோ ரேஞ்ச், 1,645 மில்லிமீட்டர் அகலம், எடை 1,200 கிலோ பக்கம். காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று இந்த ஊரில் விற்பனைக்கு இல்லை. 2023இல் வந்தது. தார் விற்கிற பக்கத்தில்கூட அதன் விற்பனை வரவில்லை. மக்கள் வாங்குவது அந்த மிரட்டலான முகத்தை. மஹிந்திராவுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். செங்கல்பட்டு பக்கத்து ஆராய்ச்சி மையத்திலும் செய்யாறு சோதனைத் தடத்திலும் இருக்கும் இஞ்சினியர்களுக்கு லோ ரேஞ்ச் வைக்கத் தெரியாமல் இல்லை. கணக்குப் போடுகிறவர்கள் விடுவார்களா என்பதுதான் சந்தேகம்.

அதனால் என் கோரிக்கை சின்னது. விஷன் டியை நல்ல, கனமில்லாத, பண்ணை வீட்டுக்கும் ஏற்காட்டுக்கும் போகிற வண்டியாகச் செய்யுங்கள், சந்தோஷம். தார் என்ற பெயரை மட்டும் லேடர் ஃபிரேம் வண்டிக்கே விட்டுவையுங்கள். இதற்கு வேறு பெயர் வைக்க உங்களுக்கா ஆள் இல்லை?

அப்புறம், "2027 வரை காத்திருக்கலாமா அண்ணா" என்று இன்பாக்ஸில் கேட்கும் தம்பிகளுக்கு. தினமும் ஆபீஸ், மாதம் ஒரு முறை மண் ரோடு என்றால் காத்திருங்கள், ராக்ஸை விட இதுவே உங்களுக்கு வசதியாக அமையும். பாறையும் ஓடையும் என்றால் காத்திருக்க வேண்டாம், இப்போதே ராக்ஸ் டீசல் ஃபோர் பை ஃபோரையோ ஜிம்னியையோ ஓட்டிப் பாருங்கள். காத்திருப்பதாக முடிவு செய்தால், விவரத் தாள் வெளியாகும் நாளில் நீளத்தைத் தேடாமல் முதல் கியர் விகிதத்தைத் தேடி எனக்கும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள்.