"இந்தக் குழந்தைகள் அப்படித்தான்" என்று அனுப்பிவிடாதீர்கள்

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை திடீரென்று காதோரம் அடித்துக்கொள்கிறான், தலையைச் சுவரில் மோதுகிறான், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறான். பதறிப்போய் மருத்துவரிடம் கூட்டிப் போனால் பல நேரம் கிடைக்கும் பதில், "இந்தக் குழந்தைகள் அப்படித்தான் இருப்பார்கள்." கூடவே அமைதிப்படுத்த ஒரு மாத்திரை. காதில் சீழ் இருக்கலாம், சொத்தைப் பல் இருக்கலாம், நாள்கணக்காக மலம் கழியாமல் வயிறு இறுகிப் போயிருக்கலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வேறெப்படித்தான் சொல்வான்?

மலச்சிக்கல் சின்ன விஷயமே இல்லை. கவனிக்காமல் விட்டால் குடலடைப்பு வரை போய் உயிரையே எடுத்துவிடும். மனநல மருந்துகள் சில அதை இன்னும் கூட்டும். அந்த மருந்தை எழுதிக் கொடுக்கும்போதே இதையும் சொல்ல வேண்டாமா?

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் நிலை) உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது சகஜம். பிள்ளை மந்தமாகிறாள், எடை கூடுகிறது என்றால் அதையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதை அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எத்தனை பெற்றோருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது?

இந்த நிலையில் "பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளையின் தூக்கம், வலிப்பு வரும் முன் மாறும் முகம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மருத்துவ விஷயங்களைப் புரியும் மொழியில் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வோம். "வீட்டில் இந்த மருந்தை எப்படிக் கொடுப்பீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், எங்கே குழப்பம் என்று தெரிந்துவிடும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரும் ஆபத்து உண்டு. அதனால் இந்த ஒரு நிமிடம் வீண் இல்லை.

மாற்றுத்திறனாளிகளில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. குறைபாட்டை மட்டும் இதற்குக் காரணம் காட்ட முடியாது. கூட்டமும் சத்தமுமான இடத்தில் மணிக்கணக்கில் உட்கார முடியாமல் பரிசோதனையே செய்யாமல் திரும்பும் குடும்பங்கள் இருக்கின்றன. நாளின் முதல் நேரத்தை இவர்களுக்கு ஒதுக்குவது அத்தனை கடினமா?

பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளையின் மருந்துகள், ஒவ்வாமை, வலித்தால் என்ன செய்வான், எப்படித் தொட்டால் பயப்படமாட்டான் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, உடன்பிறந்தவர்களிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். நமக்கும் வயதாகிறது. நாளைக்கு நாமே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், அவனுக்காகப் பேச வருபவர் கையில் அந்தத் தாளாவது இருக்கட்டும்.