ஆளுமைச் சோதனை நமக்குத் திருப்பித் தருவது எதை?

தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடத்தில் பெயர், படிப்பு, வேலை ஆகியவற்றோடு மயர்ஸ்-பிரிக்ஸ் என்ற ஆளுமைச் சோதனை தரும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து எழுதுவது இப்போது பரவலான வழக்கமாகிவிட்டது. ஒருவர் ஐஎன்எஃப்ஜே என்கிறார். இன்னொருவர் ஈஎன்டிபி என்கிறார். ஒவ்வோர் எழுத்தும், எதிரெதிரான இரு போக்குகள் கொண்ட ஓர் இணையில் ஒன்றைக் குறிக்கும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பிவிட்டு, தம் ஆளுமை வகை இன்னதென்று தெரிந்துவிட்டதாக அவர்கள் நம்புகிறார்கள். தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசையைக் கேலி செய்ய நான் இதை எழுதவில்லை. அத்தகைய தாள்களை நானும் விரும்பி நிரப்புகிறவன்தான். அதன் முடிவை இரத்த வகை போல எண்ணிக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. இரத்த வகையைப் பற்றி நாம் என்ன நினைத்துக்கொண்டிருந்தாலும் ஆய்வகத்தின் முடிவு மாறப்போவதில்லை. ஆளுமைச் சோதனைக்கோ நம் நினைப்பைத் தவிர வேறு மூலப்பொருளே கிடையாது. நம்மைப் பற்றி நாமே சொன்னவற்றைக் கூட்டிக் கழித்து, ஒரு பெயரிட்டு, அது நம்மிடமே திருப்பித் தருகிறது.

ஒரு கேள்வியைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் ஏதாவதொரு வடிவில் இடம்பெறும் வாக்கியம் இது: ‘பலர் கூடியிருக்கும் இடத்தில் நான் உற்சாகமாக இருப்பேன்.’ ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தக் கூட்டம் என்று மனம் உடனே கேட்கிறது. பழைய நண்பர்கள் கூடினால் விடியும்வரை பேசிக்கொண்டிருப்பேன். முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த அலுவலகக் கூட்டம் என்றால் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் நாற்காலியைத் தேடுவேன். முன்னதை நினைத்தால் ஐந்து, பின்னதை நினைத்தால் இரண்டு. ஏதோ ஒரு சமரசமாக மூன்றைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறேன். எந்தச் சூழலில் ஐந்தாகவும் எந்தச் சூழலில் இரண்டாகவும் இருக்கிறேன் என்பதே என்னைப் பற்றிய பயனுள்ள செய்தி. தாளில் அதை எழுத இடமில்லை. இத்தனைக்கும், தயங்கி நின்ற அந்தச் சில நொடிகளில் என்னைப் பற்றி நான் யோசித்த அளவுக்கு, இறுதியில் வந்த பக்கம் பக்கமான வர்ணனையைப் படித்தபோது யோசிக்கவில்லை.

இந்த நான்கெழுத்து முறை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங், மனித மனத்தின் போக்குகளை வகைப்படுத்தி 1921-இல் ஒரு நூல் வெளியிட்டார். மனம் உள்நோக்கித் திரும்புவது, வெளிநோக்கித் திரும்புவது என்ற பிரிவினை அதன் வழியாகத்தான் உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற பெண்மணி அதற்கு முன்பே தாமாகவே மனிதர்களை வகைப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தவர். யுங்கின் நூல் 1923-இல் ஆங்கிலத்தில் வந்ததும் அதைப் பற்றிக்கொண்டார். அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தக் கருத்துகளைக் கேள்வித்தாளாக மாற்றத் தொடங்கினார். தாய், மகள் இருவருமே முறையாக உளவியல் பயின்றவர்கள் அல்லர். வகுத்து முடிவெடுக்கும் போக்கு, திறந்து வைத்துக் காத்திருக்கும் போக்கு என்ற நான்காவது இணையை இவர்களே சேர்த்தார்கள். அதனால்தான் வகைகள் 16 ஆயின. பட்டம் இல்லாததால் ஒருவருடைய உழைப்பு மதிப்பிழந்துவிடும் என்று நான் கருதவில்லை. யுங் நோயாளிகளோடு பேசியும் படித்தும் சிந்தித்தும் எழுதிய ஒரு கோட்பாடு, எண்ணிக்கையாலான ஒரு கருவியாக மாறியபோது, அந்த வகைகள் உண்மையிலேயே தனித்தனியாக இருக்கின்றனவா என்ற கேள்வி போதிய அளவு கேட்கப்படாமலே போய்விட்டது என்பதுதான் குறை.

அந்தக் கேள்வியைப் பிறகு வந்தவர்கள் கேட்டார்கள். மனிதர்கள் உண்மையிலேயே இரு வகையினராகப் பிரிந்திருந்தால், மதிப்பெண்களை வரைபடமாக இடும்போது இரட்டைத் திமில் ஒட்டகத்தின் முதுகைப் போல இரண்டு மேடுகள் தெரிய வேண்டும். நடைமுறையில் தெரிவது ஒற்றைத் திமில்தான். பெரும்பாலோர் நடுப்பகுதியில் இருக்கிறார்கள். இரு ஓரங்களுக்குப் போகப் போக ஆள் குறைகிறார்கள். அந்த நடுப்பகுதியிலேயே கோட்டைப் போட்டு, 49 எடுத்தவரை ஒரு பெட்டியிலும் 51 எடுத்தவரை மற்றொரு பெட்டியிலும் வைத்தால் என்ன ஆகும்? 51 எடுத்தவர், 95 எடுத்தவரோடு ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்கிறார். தமக்கு ஒட்டிப் பிறந்தவர் போலிருக்கும் 49 எடுத்தவரோ அவருக்கு எதிர்வகை ஆகிவிடுகிறார். சில வாரங்கள் கழித்து மறுபடியும் எழுதினால் மதிப்பெண் இரண்டு புள்ளிகள் இப்படியோ அப்படியோ நகரும், எழுத்து மாறிவிடும். மறுதேர்வு எழுதியவர்களில் கணிசமானோருக்கு நான்கில் ஓரெழுத்தாவது மாறியதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆளுமை அதற்குள் மாறிவிட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டியின் சுவர் தவறான இடத்தில் நிற்கிறது.

அப்படியானால் அந்த வர்ணனை நமக்கு இவ்வளவு பொருந்துவதாகத் தோன்றுவது ஏன் என்று கேட்கலாம். இதற்கான விடை 1948-இலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர், தம் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை நடத்தினார். பிறகு ஒவ்வொருவருக்கும் அவரவருக்கென்று தயாரித்ததாகச் சொல்லி ஒரு குறிப்பைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி நான்கைத் தாண்டியது. அனைவருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே குறிப்பு என்பதும், அதன் பெரும்பாலான வாக்கியங்கள் ஒரு சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதும் பிறகுதான் மாணவர்களுக்குத் தெரிந்தது. வெளியில் கட்டுப்பாடு உடையவராகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறவர் என்ற தொனியில் எழுதினால் அது யாருக்குத்தான் பொருந்தாது? நான்கெழுத்து முறையில் இன்னொரு வசதியும் உண்டு: அதில் எந்த வகையும் மோசமான வகை இல்லை. ஒருவர் சிற்பி, இன்னொருவர் காவலர், வேறொருவர் தளபதி என்று எல்லாருக்கும் ஒரு மாலை தயாராக இருக்கிறது. எளிதில் மனம் கலங்குகிறவரா, கோபமும் அச்சமும் அடிக்கடி வந்துபோகிறவரா என்ற அளவுகோலை அந்த முறை தன் நான்கு இணைகளில் சேர்க்கவே இல்லை. ஒருவரோடு சேர்ந்து வாழ்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான் என்பது என் எண்ணம்.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஐந்து கூறுகள் கொண்ட முறையில் அந்த அளவுகோல் இருக்கிறது. அதன் வரலாறும் வேறானது. 1936-இல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஓட்பர்ட் ஆகிய இருவர், மனித இயல்பைக் குறிக்கும் சொற்களை ஓர் ஆங்கில அகராதியிலிருந்து திரட்டினார்கள். ஏறத்தாழ 18,000 சொற்கள் தேறின. அவற்றைச் சுருக்கி, எந்தச் சொற்கள் எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்று பல பத்தாண்டுகள் பலர் கணக்கிட்டதில், ஐந்து தொகுதிகள் திரும்பத் திரும்ப வந்தன: புதியவற்றை வரவேற்கும் மனம், பொறுப்பும் ஒழுங்கும், வெளிநோக்கு, பிறரோடு இணங்கிப்போதல், மனக்கலக்கம். இம்முறையில் யாரையும் ஒரு வகைக்குள் அடைப்பதில்லை. ஒவ்வொரு கூறிலும் எந்த அளவில் இருக்கிறோம் என்று மட்டும் சொல்லப்படுகிறது. ‘பொறுப்பில் நூறில் 38’ என்பது பெருமையாகப் போட்டுக்கொள்ளத்தக்க பெயர் இல்லைதான். அதில் நேர்மை இருக்கிறது. வயது ஏற ஏறப் பொதுவாகப் பொறுப்பும் இணக்கமும் கூடுவதையும் மனக்கலக்கம் குறைவதையும் நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆக, இருபது வயதில் ஒட்டிக்கொண்ட பட்டத்தை நாற்பதிலும் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை.

பட்டம் சுமையாவது எப்போது என்றால், அது சாக்காக மாறும்போதுதான். ‘நான் இன்ட்ரோவர்ட், அதனால் யாரையும் முதலில் அழைத்துப் பேச மாட்டேன்’ என்கிறவர், தம் விருப்பத்தைச் சொல்லாமல் தம் இயல்பின் மீது பழியைப் போடுகிறார். ‘எனக்குத் திட்டமிட்டு வேலை செய்ய வராது, என் வகையே அப்படி’ என்று சொல்லித் தாமதத்தை நியாயப்படுத்துகிறவரையும் பார்த்திருக்கிறேன். இதைவிட மோசம், இந்த எழுத்துகளை வைத்து ஆளெடுப்பது. அந்தச் சோதனையை நடத்தும் தரப்பே, ஆள் தேர்வுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கும்போது, சில நிறுவனங்கள் நேர்முகத்துக்கு முன்பே விண்ணப்பதாரர்களிடம் அதைக் கேட்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்? வேலை தேவைப்படுகிறவர், வேலைக்கு ஏற்ற பதிலைத்தானே எழுதுவார்?

நிரப்பவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து கூறுகளுக்கான நல்ல வினாத்தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுக்குப் பதில் எழுதும்போது, எப்படிப்பட்டவராக இருக்க விரும்புகிறோம் என்பதை விட்டுவிட்டு, சமீபத்தில் எப்படி நடந்துகொண்டோம் என்பதை நினைவில் வைத்து எழுதினால் பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு இன்னொருவர் வேண்டும். சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உள்ளுக்குள் நிகழும் கவலை போன்றவற்றை நாமே நன்றாக அறிகிறோம். அறிவு, படைப்பாற்றல் போல, நல்ல பெயரோ கெட்ட பெயரோ தரக்கூடிய இயல்புகளில் நம்மைவிட நம் நண்பர்களின் கணிப்பு மேலானதாக இருக்கிறது. பெருமை சம்பந்தப்பட்ட இடத்தில் நம் கண்ணை நாம் நம்ப முடியாது என்பது புரிந்துகொள்ளக் கூடியதே.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் ஒரே தாளை இரண்டு படி எடுத்து, ஒன்றைத் தாம் நிரப்பினார்; மற்றொன்றைத் தம்மைப் பற்றி நிரப்பித் தருமாறு மனைவியிடம் கொடுத்தார். பெரும்பாலான இடங்களில் இருவருடைய எண்களும் அருகருகே இருந்தன. ‘மற்றவர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்பேன்’ என்ற இடத்தில் அவர் ஐந்து போட்டிருந்தார். மனைவி இரண்டு போட்டிருந்தார். “நானா? எப்போது கேட்காமல் இருந்தேன்?” என்று அவர் தொடங்கியதும், “நான் பேசி முடிக்கட்டும், அப்புறம் சொல்கிறேன்” என்றாராம் மனைவி. அன்று மாலை முழுவதும் அந்த ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் பேச்சு. இறுதியில் அவர் தம் எண்ணை மூன்றாகத் திருத்திக்கொண்டார். மனைவி இரண்டை மாற்றவில்லை.